தம்பிக்கு ஒரு டிரஸ்ட்: சிறப்புத் தேவை உள்ள உறவினருக்காக அறக்கட்டளை அமைத்து நடத்த முழுமையான வழிகாட்டி

தம்பிக்கு 41 வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவன். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் முகப்புத் திண்ணைக்கு வந்துவிடுவான். சட்டைப்பையில் இருக்கும் சில்லறையை எடுத்துத் தூணோரம் அடுக்குவான்: ஐந்து ரூபாய்க் காசு தனி, பத்து ரூபாய்க் காசு தனி. எண்ணி முடித்ததும், "ஆச்சி, டீ" என்று உள்ளே இருக்கும் அக்காவான என்னைப் பார்த்துக் குரல் கொடுப்பான். தெருமுனைக் கடைக்கு அவனே நடந்து போய், அவனே காசு கொடுத்து, குடித்துவிட்டு வருவான். அந்தச் சில்லறை டிரஸ்ட் பணம். அன்றாடக் கணக்கு நோட்டான சிட்டையில் 'கைச்செலவு' என்று நான் எழுதி வைக்கிறேன்.

எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, போய் ஏழு வருஷம் ஆகிறது. போவதற்கு இரண்டு வருஷம் முன்னால் இந்த டிரஸ்டை எழுதிப் பதிவு செய்தார். அன்றிலிருந்து இதை நடத்துபவர்களில் நானும் ஒருத்தி. காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இதே கவலையோடு இருக்கும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "நாங்க இருக்கிற வரைக்கும் சரி, அப்புறம்?" என்று எங்கள் ஆத்தா, அதாவது அம்மா, கேட்ட அதே கேள்விதான். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

நம் பக்கத்துப் பழைய சொல் இரண்டு இதற்கு உதவும். பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடந்த காலத்தில் முதலாளி ஊரில் இருப்பார். மேலாள் அங்கே அவர் பணத்தை வைத்துக் கடை நடத்துவார். மூன்று வருஷக் கணக்கு முடிந்ததும் ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, எடுத்து, பைசா சுத்தமாக ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவார். இந்த டிரஸ்டில் தம்பிதான் முதலாளி. நான் மேலாள். இந்த ஒரு நினைப்பு இருந்தால் கீழே வரும் விதிகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

முதலில்: உங்களுக்கு டிரஸ்ட் வேண்டுமா?

பெரும்பாலான வீடுகளில் மூன்று வழிகளை யோசிக்கிறார்கள். ஒன்று, பிள்ளை பெயரிலேயே பணத்தையும் சொத்தையும் போட்டுவிடுவது. சட்டப்படி அவனுக்கு உரிமை உண்டு; 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 28ஆம் பிரிவில், நோயையோ குறைபாட்டையோ காரணம் காட்டி யாருடைய பங்கையும் மறுக்க முடியாது என்கிறது. ஆனால் தான் போடும் கையெழுத்தின் விளைவைப் புரிந்துகொள்ள முடியாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. வாடகை ஒப்பந்தம், விற்பனை, பங்கு பிரிப்பது எல்லாமே அப்படியே நின்றுவிடும்.

இரண்டாவது வழி, "எல்லாவற்றையும் அண்ணன் பெயருக்கு எழுதிவிடுகிறோம், அவன் பார்த்துக்கொள்வான்" என்பது. அண்ணன் நல்லவனாகவே இருக்கட்டும். நாளை அவன் தொழிலில் கடன் பட்டால் ஜப்தி இந்தப் பணத்துக்கும் வரும். அவன் திடீரென்று போய்விட்டால் அது அவன் மனைவி, பிள்ளைகளின் சொத்து. வாய்ச்சொல்லை நம்பி அவன் கையில் கொடுத்தது சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவதுதான் டிரஸ்ட். பணம் டிரஸ்டை நடத்தும் அறங்காவலர்கள் பெயரில் இருக்கும், ஆனால் அவர்களுடையதாக இருக்காது. அவர்களின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது, அவர்களின் வாரிசுகளுக்கும் அது போகாது.

எல்லோருக்கும் இது தேவைப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசு ஊழியராக இருந்த அப்பாவின் குடும்ப ஓய்வூதியம், தன்னால் சம்பாதித்துக்கொள்ள முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் வர வழியிருக்கிறது. சேமிப்பு கொஞ்சம்தான், ஓய்வூதியமே முக்கிய வருமானம் என்றால், காப்பாளர் நியமனமும் ஒழுங்கான ஒரு வங்கிக் கணக்கும் போதும். ஓய்வூதிய ஆவணங்களில் பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் அப்பா உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். பிற்பாடு அலைவது பெரும்பாடு.

காப்பாளர் வேறு, அறங்காவலர் வேறு

அறங்காவலர் டிரஸ்ட் பணத்துக்குப் பொறுப்பு. காப்பாளர், அதாவது கார்டியன், ஆளுக்குப் பொறுப்பு: மருத்துவமனையில் ஒப்புதல் தருவது, அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கை நடத்துவது, அவருக்காக விண்ணப்பங்களில் கையெழுத்திடுவது. 18 வயது முடிந்த அன்றே பெற்றோரின் இயல்பான காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது. இது தெரியாமல் முப்பது வயதுப் பிள்ளைக்கும் நாங்களே கார்டியன் என்று நினைத்திருப்பவர்கள் நம் ஊரில் அதிகம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பொருந்தும். டவுன் சிண்ட்ரோமை அறிவுத்திறன் குறைபாட்டின் கீழ் எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர் குழு இருக்கிறது. ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அதில் இருப்பார்கள். காப்பாளரை நியமிப்பது அந்தக் குழுதான். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்க்காரர்கள் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ராயவரம், கடியாபட்டிப் பக்கம் உள்ளவர்களுக்குப் புதுக்கோட்டை. செட்டிநாடு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அரசாங்கத்துக்கு நாம் இரண்டு மாவட்டம்.

நியமனம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் காப்பாளர், தான் பார்த்துக்கொள்பவருடைய சொத்து, கடன்களின் பட்டியலை அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். பலர் சான்றிதழை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். இந்தக் காப்பாளர் சான்றிதழை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

மனநோய் உள்ளவர்களுக்கு வழி வேறு. 2017ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் சிகிச்சை முடிவுகளில் துணை நிற்க ஒரு நியமனப் பிரதிநிதியைத் தருகிறது. சொத்து விஷயத்துக்கு நீதிமன்றம்தான். உடல் குறைபாடு மட்டும் உள்ளவர்களுக்குக் காப்பாளரே தேவையில்லை. முடிவெடுக்கத் தெரிந்த ஒருவரை அறங்காவலர்களில் ஒருவராக உட்காரவைப்பதுதான் மரியாதை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வரம்புக்குட்பட்ட காப்பாளரைப் பற்றித்தான் பேசுகிறது: அவரோடு கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும், அவரை ஓரமாக நிறுத்திவிட்டு எடுக்கக்கூடாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடி, மாற்றுத்திறனாளி சான்றிதழ் இரண்டும் இன்னும் எடுக்கவில்லையென்றால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முதலில் அதை எடுங்கள். தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும், தேசிய அறக்கட்டளையின் 1 லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் அதுதான் அடிப்படை.

'அறக்கட்டளை' என்ற சொல்லால் வரும் குழப்பம்

நம் ஊரில் கட்டளை என்றால் கோயில் கட்டளை, அறக்கட்டளை என்றால் பள்ளிக்கூடமோ அன்னதானமோ. நீங்கள் அமைக்கப்போவது அதுவன்று. பொது நன்மைக்கான டிரஸ்டுக்குச் சட்டமும் வரிச்சலுகையும் வேறு. ஒரு குறிப்பிட்ட ஆளுக்காக அமைப்பது தனியார் டிரஸ்ட், 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கணக்குத் தொடங்க நாங்கள் போன ஒரு வங்கியில், "வருமான வரி விலக்குப் பெற்ற சான்றிதழ் இல்லாமல் டிரஸ்டுக்குக் கணக்குத் திறக்க மாட்டோம்" என்று இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். தர்ம ஸ்தாபனங்களுக்கான சான்றிதழை எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் எங்கள் வக்கீல், இது தனியார் டிரஸ்ட், பயனாளி ஒருவரே, அந்தச் சான்றிதழ் இதற்குப் பொருந்தாது என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மறுவாரம் கணக்குத் திறந்தார்கள். அப்படி ஒரு கடிதத்தைப் பத்திரத்தோடு முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் எழுதுவது

பத்திர எழுத்தரிடம் இருக்கும் பழைய மாதிரியை வைத்து இதைச் செய்யாதீர்கள். குடும்பச் சொத்தும் வரியும் தெரிந்த வக்கீல் ஒருவர், ஆடிட்டர் ஒருவர் என இருவரையும் ஒரே நாளில் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசுங்கள். அந்த ஒரு மணி நேரக் கட்டணம் வீண் போகாது.

அசையாச் சொத்தை வைத்து அமைத்தால் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவு செய்தே ஆக வேண்டும், அல்லது உயிலில் எழுத வேண்டும். பணம் மட்டும் என்றால் பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்யுங்கள். இருபது வருஷம் கழித்து ஒரு வங்கி அதிகாரி முன் வைக்க, பதிவுப் பத்திரத்துக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை.

உயிலில் அமைப்பதா, இப்போதே அமைப்பதா? இப்போதே என்பதுதான் என் முடிவு. சின்னத் தொகையில் தொடங்குங்கள். பெரிய தொகை உயில் வழியாகப் பின்னால் வந்து சேரட்டும். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே இரண்டு வருஷம் ஓடவிட்டுப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அப்பச்சி அப்படிச் செய்ததால்தான், பத்திரத்தில் ஒரு ஓட்டை இருப்பதை அவரே கண்டு திருத்தினார். மூன்று அறங்காவலர்களும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று முதலில் எழுதியிருந்தார். அதில் ஒருவர் மகள் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போய் ஒரு மாதம் தங்கிவிட்டார். தம்பியைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்மணிக்கு அந்த மாதச் சம்பளத்தை அப்பச்சி கையிலிருந்து கொடுத்தார். துணைப்பத்திரம் எழுதி "எவரேனும் இருவர்" என்று மாற்றிய பிறகுதான் நிம்மதி. பத்திரத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், அறங்காவலர்கள் எல்லோரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும் என்பது சட்டம். பின்னால் திருத்திக்கொள்ளும் அதிகாரத்தையும் பத்திரத்திலேயே எழுதிக்கொண்டால்தான் அவரைப் போல மாற்ற முடியும்.

விட்டுவிடக் கூடாதவை இன்னும் சில. விலகும் வழி: ஒருமுறை பொறுப்பை ஏற்றவர் நினைத்த நேரத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது. பத்திரத்தில் அதற்கு வழி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். ஆகவே, மூன்று மாதம் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம், அடுத்தவரை இப்படி நியமிக்கலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊதியம்: பத்திரத்தில் இல்லாமல் அறங்காவலர் ஊதியம் எடுக்க உரிமையில்லை. குடும்பத்தார் வாங்கமாட்டோம் என்பார்கள், சரி. ஆனால் பத்து வருஷம் கழித்து வெளியாள் ஒருவர் வர நேர்ந்தால் சும்மா வரமாட்டார். நியாயமான ஊதியத்துக்கு இடம் வையுங்கள். முதலீடு: வைப்புநிதி, அரசுக் கடன்பத்திரம், மியூச்சுவல் ஃபண்டு என்று எதிலெல்லாம் போடலாம் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பத்திரம் வாய் திறக்காத இடத்தில் சட்டம் அனுமதிக்கும் வகைகளோடு நிற்க வேண்டியதாகிவிடும்.

செலவுக்கான வாசகத்தைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். "உணவு, உடை, மருத்துவம்" என்று மட்டும் எழுதிவிட்டால், நாளைக்கு ஒரு கறாரான அறங்காவலர் வந்து பழனிக்குப் போகும் கார் வாடகையை மறுப்பார். எங்கள் பத்திரத்தில், "அவருடைய மகிழ்ச்சி, பொழுதுபோக்கு, பயணம், கோயில், உறவினர் வீட்டு விசேஷங்கள், கைச்செலவு" என்று அப்பச்சி எழுதவைத்தார். அந்த 'மகிழ்ச்சி' என்ற ஒரு சொல்லுக்காக வக்கீலோடு வாதாடினார்.

கடைசியாக, பயனாளியின் காலத்துக்குப் பிறகு மிச்சம் யாருக்கு? இது நுணுக்கமான இடம். மிச்சம் எனக்கோ என் பிள்ளைகளுக்கோ வரும் என்றால், தம்பிக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும்போது என் வீட்டுப் பணத்தைக் குறைப்பது போல என் மனசு கணக்குப் போடும். நல்ல மனுஷர்களுக்கும் இது நடக்கும். எங்களுக்கு, இறுதிக் காரியங்கள் போக மிச்சத்தில் பாதி சிறப்புப் பள்ளி ஒன்றுக்கு, பாதி தம்பியின் உடன்பிறந்தோர் பிள்ளைகளுக்கு. பெரும்பங்கு எதிர்பார்ப்பவர் ஒருவரே தனி அறங்காவலராக இருக்கும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள்.

எதை உள்ளே வைப்பது

பெரிய வீட்டை உள்ளே வைக்காதீர்கள். வளவு வீட்டில் பங்காளிகள் பத்துப் பேருக்குப் பங்கிருக்கும். உங்கள் பங்கைத் தவிர மற்றதை உங்களால் எழுதிக்கொடுக்கவும் முடியாது. அதற்கு மேல், ஓடு மாற்றவும், மழைக்கு ஒழுகும் கூரைக்கும், வரிக்கும் என்று அந்த வீடு பணத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். டிரஸ்டுக்கு வேண்டியது மாதாமாதம் கொடுக்கும் சொத்து. வீட்டில் அவர் வாழ்நாள் முழுக்கத் தங்கும் உரிமையைப் பங்காளிகள் ஒப்போடு தனியாக எழுதி வாங்குங்கள். எந்த அறை, எந்தக் குளியலறை என்பது வரை எழுதுங்கள்.

பாகப்பிரிவினையில், "அவனுக்கென்ன தெரியும், ஒரு கைநாட்டு வைக்கச் சொல்லுங்க, விடுதலைப் பத்திரம் எழுதிடலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். புரியாமல் வைத்த கைநாட்டு நிற்காது. வாங்குபவருக்கும் பின்னாளில் அது வழக்குதான். அவர் பங்கைத் தொடும் எதையும் காப்பாளர் வழியாக, நீதிமன்ற அனுமதியோடு செய்வதுதான் பாதுகாப்பு.

நகை இருந்தால், எடை போட்டு, படம் எடுத்து, பட்டியலை இணைப்பாகச் சேர்த்து, டிரஸ்ட் பெயரில் லாக்கரில் வையுங்கள். ஆத்தாவின் நகையில் தம்பிக்கென்று ஒதுக்கியதை நாங்கள் விற்று வைப்புநிதியாக்கினோம். ஆத்தா அழுதார்கள். ஆனால் சம்மதித்தார்கள்.

காப்பீடு, வங்கி வைப்பு எல்லாவற்றிலும் வாரிசுதாரர் நியமனத்தைத் திரும்பப் பாருங்கள். அன்பினால் பிள்ளை பெயரை நாமினியாகப் போட்டிருப்பீர்கள். பணம் நேராக அவர் கணக்குக்குப் போய்ப் பூட்டிக்கொள்ளும். சித்தப்பா, அம்மான், அயித்தை என்று யாராவது உயிலில் அவருக்கு எழுத நினைத்தால், "இன்ன தேதியில் பதிவான இன்ன டிரஸ்டுக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும்போதே பெரிய தொகை தருவதானால் முன்னதாக ஆடிட்டரைக் கேளுங்கள். பெற்றோரும் உடன்பிறந்தோரும் தருவதில் சிக்கலில்லை. மற்றபடி வரிச் சட்டத்தின் 'உறவினர்' பட்டியல் நம் உறவுமுறையைவிட மிகக் குறுகியது.

எவ்வளவு வேண்டும்

இன்றைய ஒரு மாதத்தை எழுதிப் பாருங்கள். பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 12,000, சாப்பாடு 5,000, மருந்து 2,500, வகுப்பும் வெளியே போவதும் 2,500, துணிமணி 1,000, மருத்துவத்துக்கென ஒதுக்குவது 2,000 என்றால் 25,000 ரூபாய். வருஷத்துக்கு 3 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இந்த 25,000, இருபது வருஷத்தில் ஏறத்தாழ 80,000 ஆகிவிடும். போட்ட பணம் விலைவாசி ஏறும் அளவுக்கு மட்டும் வளர்ந்தால், நாற்பது வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சம் வேண்டும். பெரிய எண்தான். பயந்து கைவிடாதீர்கள். உதவித்தொகை, ஓய்வூதியம், குடியிருக்க வீடு, உயிலில் வரப்போவது எல்லாவற்றையும் கழித்தால் பாதிக்கும் கீழே இறங்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தைக் குறைத்துப் போட்டுக் கணக்கைச் சரிக்கட்டாதீர்கள். இன்று ஆத்தா சும்மா செய்வதை நாளை இரண்டு பேர் சம்பளத்துக்குச் செய்ய வேண்டியிருக்கும்.

யாரை அறங்காவலராக்குவது

மூன்று பேர் சரியான எண்ணிக்கை. அவரை நன்றாக அறிந்த உறவினர் ஒருவர், குடும்பத்துக்கு வெளியே கணக்குத் தெரிந்தவர் ஒருவர், முப்பது வயதைத் தாண்டாதவர் ஒருவர். பெரியவர்கள் மட்டுமே இருந்தால் அவர்களோடு டிரஸ்டும் கிழடாகிவிடும். பணக்கார உறவினரைத் தேடாதீர்கள். கேட்டால் கணக்கைக் காட்டுகிறவரா, வாரம் ஒருமுறை வந்து பிள்ளையோடு உட்கார்ந்து பேசுகிறவரா என்று பாருங்கள்.

அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அண்ணன் தம்பிகள் கைகொடுக்க வருவார்கள். அவர்கள் அனுப்பும் அமெரிக்க மாதிரிப் பத்திரத்தை அப்படியே எழுதிவிடாதீர்கள். அங்கே எஸ்எஸ்ஐ என்ற அரசு உதவியைப் பெற ஒருவர் கையில் 2,000 டாலருக்கு மேல் சொத்து இருக்கக்கூடாது. அந்த வரம்பைத் தாண்டாமல் இருக்கத்தான் அந்தப் பத்திரங்களில் அத்தனை கட்டுப்பாடு. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. தவிர, அமெரிக்கக் குடிமக்கள் வெளிநாட்டு டிரஸ்டுக்குப் பணம் கொடுத்தாலும், வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் கையெழுத்து அதிகாரம் இருந்து அவற்றின் இருப்பு மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினாலும், அங்கே அறிக்கை கொடுக்க வேண்டும். அவர்கள் ஆலோசனை தரட்டும், கணக்கைப் பார்வையிடட்டும். கையெழுத்து உள்ளூரில் இருப்பவர்களிடமே இருக்கட்டும்.

பணத்துக்கு வெளியே ஒரு குறிப்பேடு

பத்திரத்தில் வராத விஷயங்களுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ஆத்தா சொல்லச் சொல்ல நான் எழுதியது 60 பக்கம். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது பின்கழுத்தைத் தொட்டால் கத்துவான். கவுனரிசி என்றால் உயிர். பணியாரத்துக்குத் தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல் தொட்டால் ராத்திரி வயிற்றுவலி. இடி இடித்தால் இரட்டை வீடு என்னும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான், கூப்பிடக்கூடாது, பக்கத்தில் சும்மா உட்கார வேண்டும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த டாக்டரிடம் கையை நீட்டுவான், யார் இறந்ததை அவனிடம் எப்படிச் சொன்னோம். வருஷத்துக்கு ஒருமுறை இதைத் திருத்துங்கள். தைராய்டு, காது, கண் சோதனை நாட்களும் இதிலேயே இருக்கட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதிநோய் மற்றவர்களைவிட இளவயதிலேயே வரலாம் என்பதால், நாற்பதைத் தாண்டியதும் நடவடிக்கையில் சின்ன மாறுதலையும் தேதியிட்டு எழுதுகிறோம்.

நடத்துவது

டிரஸ்டுக்குத் தனி பான் எண், தனி வங்கிக் கணக்கு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதல் வருஷம் நான் ஒரு தப்புச் செய்தேன். அவசரத்துக்கு என் போனிலிருந்தே மருந்துக்கடைக்கும் பல் டாக்டருக்கும் கட்டிவிட்டு, பிறகு மொத்தமாக டிரஸ்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். மார்ச் மாதம் ஆடிட்டர் உட்கார்ந்தபோது 38 செலவுகளுக்கு ரசீது தேடி மூன்று நாள் போனது. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. ஆனால் சந்தேகப்பட இடம் கொடுத்திருந்தேன். இப்போது டிரஸ்ட் கணக்கிலிருந்தே நேராகக் கடைக்கும் ஆளுக்கும் போகிறது. என் கைக்கு வருவது தம்பியின் கைச்செலவு மட்டும்.

கணக்கு எழுதும் முறை நம் தாத்தாக்கள் எழுதியதுதான். அன்றாடம் சிட்டை, அதிலிருந்து தலைப்பு வாரியாகப் பேரேடு, ஆண்டு முடிவில் ஐந்தொகை. கம்ப்யூட்டரில் எழுதினாலும் இந்த மூன்றும் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறங்காவலர்கள் கூடி, பேசியதை ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திடுங்கள். கூட்டத்தை அவர் இருக்கும் வீட்டிலேயே நடத்துங்கள். ஓட்டலில் கூடிய கூட்டத்தில் தம்பியின் செருப்பு தேய்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை.

கைமாற்று கொடுக்கவே கூடாது. வட்டிக்கு விட்டுப் பழகிய ஊர் இது. "டிரஸ்ட்ல சும்மாதானே கிடக்கு, மூணு மாசம் என் கடைக்குக் கொடுங்க, பேங்க்கைவிட ரெண்டு பைசா கூடத் தர்றேன்" என்று சொந்தத்திலேயே கேட்பார்கள். அறங்காவலர் தனக்கோ சக அறங்காவலருக்கோ கடன் கொடுத்துக்கொள்வது சட்டப்படி தப்பு. டிரஸ்ட் சொத்தை நீங்களே வாங்குவதிலும் இறங்காதீர்கள். நஷ்டம் வந்தால் சொந்தக் கைப்பணத்தில் ஈடுகட்ட வேண்டும்.

வங்கி வைப்பைப் பிரித்துப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. இரண்டு வருஷச் செலவு எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி இருக்கட்டும், மிச்சத்தை நீண்ட காலத்துக்கு வையுங்கள்.

வரியில் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பயனாளி ஒருவரே, வருமானம் முழுவதும் அவருக்கே என்று பத்திரம் தெளிவாகச் சொன்னால், அவர் கையில் வந்த வருமானம் போல வரி கணக்கிடப்படும். "இன்னார், இன்னார், இவர்களில் யாருக்கு எவ்வளவு என்பது அறங்காவலர் விருப்பம்" என்று எழுதினால், விதிவிலக்குகள் பொருந்தாவிட்டால், உச்சபட்ச விகிதத்தில் வரி போய்விடும். எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையை எழுதிக்கொடுத்தவர் வைத்துக்கொண்டால் வருமானம் அவருடையதாகவே கணக்காகும். பழைய வரி முறையில் இருக்கும் பெற்றோருக்கு, சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாயும், கடுமையான குறைபாடு என்றால் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு.

இனி, எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது. மூன்றாம் வருஷ ஐந்தொகையைப் பார்த்து நாங்கள் பெருமைப்பட்டோம். முதலாகப் போட்ட பணம் 11 சதவீதம் வளர்ந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் எங்கள் வெளியாள் அறங்காவலர், ஓய்வு பெற்ற வாத்தியார், பேரேட்டைப் புரட்டிவிட்டு, "இந்த வருஷம் அவன் எங்கேயாவது போனானா?" என்று கேட்டார். 'பயணம்' என்ற தலைப்பில் ஒரு வரவும் இல்லை, பற்றும் இல்லை, வெறும் பக்கம். நல்ல காது மெஷின் 'அடுத்த வருஷம்' என்று தள்ளப்பட்டிருந்தது. சிக்கனத்தில் வளர்ந்த கை எங்களுடையது. முதலாளியின் பணத்தை முதலாளிக்குத் தராமல் சேர்த்து வைத்திருக்கிறோம். அன்றே காது மெஷினுக்குக் காசு கட்டினோம். அந்த மாசியில் தம்பி ராமேஸ்வரம் போய்க் கடலைப் பார்த்து வந்தான். அதிலிருந்து ஆண்டுத் தொடக்கத்திலேயே செலவுத் திட்டம் போடுகிறோம். செலவாகாமல் மிஞ்சிய தலைப்புக்கு ஏன் மிஞ்சியது என்று காரணம் எழுத வேண்டும். உங்கள் பத்திரத்திலோ கூட்டக் குறிப்பிலோ இந்த ஒரு விதியை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்படைப்பது

மேலாளுக்குக் கீழே அடுத்தாள் என்று ஒருவர் இருப்பார். கடையை விட்டு மேலாள் ஊர் திரும்பும் முன் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நீங்களும் ஒரு அடுத்தாளை இப்போதே உட்காரவையுங்கள். அறங்காவலராக அல்ல, கூட்டத்தில் சும்மா இருந்து பார்க்க. பத்திரத்தின் நகல், காப்பாளர் சான்றிதழ், யூடிஐடி, பான், வைப்பு ரசீதுகள், உயில் நகல்கள், குறிப்பேடு ஆகியவை ஒரே பெட்டியில் இருக்கட்டும். பெட்டி எங்கே என்பது மூன்று பேருக்குத் தெரிந்திருக்கட்டும். காப்பாளருக்கும் அடுத்தவர் யார் என்று யோசித்து வையுங்கள். அறங்காவலர் மாறுவது பத்திரப்படி நடக்கும், காப்பாளர் மாற மறுபடி உள்ளூர் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் அடுத்தாள் என் மகள். போன சித்திரையில் புதுச் சிட்டையைப் பிரித்து மஞ்சள் வைத்து முதல் வரியை அவள் எழுதினாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயரில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருக்கிறோம். சட்டத்துக்கு அது தேவையில்லை. ஒவ்வொரு மாதப் பக்கத்தின் அடியிலும் அவன் அதைக் குத்திய பிறகுதான் சிட்டையை மூடுகிறோம்.